ஒரே வீட்டில் துரையும் பஞ்சும்

பாளையங்கோட்டை,
1911 பிப்ரவரி 14

கர்த்தருக்குள் பிரியமான சாலோமி அக்காளுக்கு, தம்பி தானியேல் எழுதிக்கொண்டது. இங்கே நானும் பாக்கியமும் புதிதாய் வந்தவளும் தேவகிருபையால் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, வண்டியில் ஏறி உட்காரும் அளவுக்காவது குறைந்ததா என்று எழுதவும்.

கல்யாணத்துக்கு நீங்கள் வரமுடியாமற் போனது எனக்குப் பெரிய குறை. எட்டாம் தேதி காலை கொற்கையில், பெண் வீட்டார் கோயிலில், முப்பது பேருக்கு மேல் இல்லாமல் முடிந்தது. ரெபேக்காள் கர்த்தரிடம் போய் இரண்டு வருஷம் ஆகிறது. எட்டு வயதுப் பாக்கியத்தை வைத்துக்கொண்டு தாலுகா கச்சேரிக் குமாஸ்தா வேலையும் அடுப்பு வேலையும் நான் பார்த்தது போதும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். சாரம்மாள் அமரிக்கையான பெண். வந்த ஆறு நாளில் அவள் குரலை நான் கேட்டதே சொற்பம்.

விஷயம் என்னவென்றால், பெண்ணோடு ஒரு நாயும் வந்திருக்கிறது. என் மாமனார் வீட்டில் அது ஒரு வழக்கம். கட்டிக்கொடுக்கிற பெண்ணுக்குத் துணையாய் கன்னி ஜாதி வேட்டை நாய் ஒன்றையும் அனுப்புவார்கள். நாய் வேண்டாம் என்றால் பெண்ணையே வேண்டாம் என்றதாய் எடுத்துக்கொள்வார்களாம். கறுப்பு நிறம், ஒட்டிய வயிறு, கன்றுக்குட்டி உயரம். பெயர் துரை. கிராமத்தில் அந்தப் பெயர் சிரிப்பாய் இருந்திருக்கும். இங்கே நம் தெரு வழியாக நிஜத் துரைமார் குதிரையில் போகிறார்கள். வாசலில் நின்று "ஏலே துரை, இங்கன வாலே" என்று கூப்பிட்டால் என் உத்தியோகம் என்னாகும்? மணி என்று பெயரை மாற்றிப் பார்த்தேன். மேற்படி நாய் திரும்பியும் பார்க்கவில்லை.

பெயர் கூடப் பெரிதல்ல. துரை தேரிக்காட்டில் முயல் பிடித்துப் பழகிய நாய். நம் வீட்டிலோ பாக்கியத்தின் பஞ்சு இருக்கிறது. ரெபேக்காள் மிஷன் பங்களாவிலிருந்து வாங்கி வந்து கீரை போட்டு வளர்த்த அந்த வெள்ளைச் சீமை முயலை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நாய் வந்த நாளிலிருந்து பாக்கியம் முயல் பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்கிறாள். உங்கள் போர்டிங் பள்ளிக்கூடத்தில் நாயும் புறாவும் அணிலும் சண்டையில்லாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். என்ன செய்யவேண்டும் என்று விவரமாய் எழுதவும்.

தங்கள் ஜெபத்தை நாடும் தம்பி,
தானியேல்


சாத்தான்குளம்,
1911 பிப்ரவரி 20

அன்புள்ள தம்பி தானியேலுக்கு, அக்காள் சாலோமி எழுதுவது. எல்லாரும் சுகம் என்று அறிந்து ஸ்தோத்திரம். என் முழங்கால் எனக்கு முன்னே பரலோகம் போய்விட்டது. மீதி எல்லாம் இன்னும் இங்கேதான் நின்று பாடம் நடத்திக்கொண்டிருக்கிறது.

முதலில், நாயின் பெயரை மாற்றாதே. ஊரும் ஆளும் மாறி வந்திருக்கிற ஜீவனுக்குப் பெயராவது பழையதாய் இருக்கட்டும். துரைமார் குதிரையில் போகிற நேரம் நீ வாயை மூடிக்கொண்டிரு, போதும்.

ஒரு வாரத்துக்கு நாயும் முயலும் ஒன்றையொன்று பார்க்கவே கூடாது. நாய் படுக்கிற சாக்கில் ஒரு துண்டைக் கிழித்து முயல் பெட்டிக்குப் பக்கத்தில் போடு. பெட்டியில் கிடக்கும் வைக்கோலில் ஒரு பிடி எடுத்து நாய் சோறு தின்கிற இடத்தில் போடு. அதை முகர்ந்துவிட்டுச் சும்மா போய்ச் சோற்றைத் தின்கிறதென்றால் மேற்கொண்டு நடக்கலாம். முயல் பெட்டி தரையில் இருக்கக்கூடாது, இடுப்பு உயரத்துக்கு ஏற்றிவிடு. உள்ளே அது ஒளிந்துகொள்ள ஒரு பழைய பானையைப் படுக்கவை. நாய் கடிக்காமலே பயத்தில் செத்துப்போகிற பிராணி அது.

அப்புறம் நாயை வாய்க்கால் வரை நடத்திக் களைக்கவைத்து, வயிறு நிறையப் போட்டு, கயிற்றைப் பெரிய ஆள் ஒருவர் கையில் பிடித்துக்கொண்டு தூரத்தில் உட்காரவேண்டும். முயலையே முறைத்து உடம்பு விறைத்தால் பேசாமல் வெளியே கூட்டிப் போய்விடு. முகத்தைத் திருப்பினால் அந்த நொடியே ஒரு துண்டு கருவாடு கொடு. அடிக்கவே கூடாது. அடித்தால் முயலைப் பார்க்கும்போதெல்லாம் அடி விழும் என்றுதான் நாய் படிக்கும், முயல்மேல் வன்மம்தான் வளரும். மாதக்கணக்கில் ஆகும். எத்தனை மாதமானாலும் ஆள் இல்லாத வீட்டில் இரண்டையும் ஒரு கதவுக்குள் விடாதே. முயல் ஓடுவதைப் பார்த்தால் துரைக்குத் தேரிக்காடு ஞாபகம் வந்துவிடும். அது அதன் குற்றமல்ல.

நாய்ப் பாடம் முடிந்தது. பாக்கியம் எப்படி இருக்கிறாள்? ஒழுங்காய்ச் சாப்பிடுகிறாளா? சாரம்மாளை என்ன சொல்லிக் கூப்பிடுகிறாள்? அதையும் இதே போல் விவரமாய் எழுது. "மேற்படி" என்று எழுதாதே, நான் தாசில்தார் அல்ல.

உன் அக்காள்,
சாலோமி


பாளையங்கோட்டை,
1911 மார்ச் 13

பிரியமான அக்காளுக்குத் தம்பியின் வந்தனம். இங்கே யாவரும் சுகம். இந்த வருஷம் வெயில் இப்போதே தொடங்கிவிட்டது. நீங்கள் மத்தியானத்தில் வெளியே அலையாமல் இருக்கவும்.

தாங்கள் எழுதியபடியே எல்லாம் நடந்து வருகிறது. கடிதத்தை நான் உரக்க வாசித்தேன், சாரம்மாள் கேட்டுக்கொண்டாள். மறுநாளே பெட்டிக்கு நாலு கால் வைத்துத் தச்சனிடம் உயர்த்தி வாங்கிவிட்டாள். விடியற்காலம் அவளே நாயை வாய்க்கால் வரை நடத்திப் போகிறாள். முதல் வாரம் வைக்கோலை முகர்ந்ததும் நாய்க்கு வாயில் எச்சில் ஒழுகியது. இரண்டாம் வாரம் அது குறைந்தது. போன புதன்கிழமை முதல் முதலாய் இரண்டும் பார்த்துக்கொண்டன. சாரம்மாள் பின்வாசலில் கயிற்றைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். துரை முறைத்தது, அவள் எழுந்து கூட்டிப் போய்விட்டாள். இப்படி ஐந்து நாள். ஆறாம் நாள் துரை ஒரு காக்கையைப் பார்க்கத் திரும்பியது. அதற்கும் கருவாடு கொடுத்தாள். காக்கையைப் பார்த்ததற்கா கொடுக்கிறாய் என்றேன். "முயலைப் பாக்கலல்லா" என்றாள். சரியாய்த்தான் இருக்கிறது.

மீன்காரி சாரம்மாளைப் பார்த்தால் இப்போது நிற்காமல் போவதில்லை, அவ்வளவு கருவாடு வாங்குகிறோம். பாக்கியமும் சுகமாயிருக்கிறாள்.

அன்புள்ள தம்பி,
தானியேல்


சாத்தான்குளம்,
1911 மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு, அக்காள் எழுதுவது. சுகம், சுகம் அறிய ஆவல்.

நாய்க்கு எச்சில் ஒழுகியது, காக்கையைப் பார்த்தது எல்லாம் வெகு விவரமாய் எழுதியிருக்கிறாய். பாக்கியத்துக்கு உன் கடிதத்தில் ஒரே வரி கிடைத்திருக்கிறது. நான் கேட்டது மூன்று கேள்வி. பள்ளிக்கூடத்தில் நீ கணக்குத் தெரியாவிட்டால் தாளின் மூலையில் மயில் படம் போட்டு வைப்பாய், அந்த ஞாபகம் வருகிறது.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது பாக்கியத்தை என்னிடம் அனுப்பு. போர்டிங்கில் சேர்க்கவேண்டாம், என் அறையில் என்னோடு இருக்கட்டும். யோசித்து எழுது.

அக்காள்,
சாலோமி


பாளையங்கோட்டை,
1911 ஏப்ரல் 25

பிரியமான அக்காளுக்குத் தம்பி எழுதுவது. ஈஸ்டர் வாழ்த்துகள். கடிதம் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும்.

பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணி நேர ஆராதனைக்கு எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்தோம். நாயைப் பின்வாசல் தூணில் கட்டியிருந்தது. வந்து பார்த்தால் கயிறு அறுந்து கிடக்கிறது, பெட்டி சாய்ந்து கிடக்கிறது, பஞ்சு பானைக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. உயிருக்கு ஒன்றுமில்லை. பானை உடையாததால் தப்பியது. ஆனால் இடது காது நுனியிலிருந்து பாதி வரை கிழிந்துவிட்டது.

பாக்கியம் சாரம்மாளைப் பார்த்து, "உங்க நாயைக் கூட்டிக்கிட்டு உங்க ஊருக்கே போயிருங்க" என்று கத்தினாள். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். சாரம்மாள் கோயிலுக்குக் கட்டிய புடவையோடு உட்கார்ந்து முயலின் காதைக் கழுவி மஞ்சளும் எண்ணெயும் வைத்துக் கட்டினாள். அது பயத்தில் உதைத்து அவள் கையெல்லாம் கீறிவிட்டது.

தாங்கள் பிப்ரவரி மாதமே கேட்டதற்கு இப்போது எழுதுகிறேன். பாக்கியம் அவளை ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இந்தாங்க" என்கிறாள், அல்லது வாசற்படியில் நின்று இருமுகிறாள். சாரம்மாளும் அவளைக் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. விருந்தாளிக்குப் பரிமாறுவதுபோல் பரிமாறுகிறாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. பாக்கியத்தை ஜூன் மாதம் உங்களிடம் அனுப்பலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

அன்புள்ள தம்பி,
தானியேல்


சாத்தான்குளம்,
1911 மே 1

அன்புள்ள தம்பிக்கு, அக்காள் எழுதுவது. இங்கே பதநீர் நன்றாய் இறங்குகிறது. இரண்டு சிப்பம் கருப்பட்டி அனுப்பியிருக்கிறேன், கிடைத்ததா எழுது.

"கட்டியிருந்தது" என்று எழுதியிருக்கிறாய். தானாகவா கட்டிக்கொண்டது? யார் கட்டினார்கள்? பின்வாசலில் கட்டச் சொல்லி நான் எழுதவில்லை. ஆள் இல்லாதபோது ஒரு கதவுக்குள் விடாதே என்றுதான் எழுதினேன். கட்டினது நீயாகத்தான் இருக்கும். சாரம்மாள் நாய் வளர்த்த வீட்டுப் பெண், தும்புக்கயிறு நாய்ப் பல்லுக்கு நிற்காது என்று அவளுக்குத் தெரியும்.

காது ஆறிவிடும். முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும், அவ்வளவுதான்.

பாக்கியம் வருகிறாள் என்று எழுதியதும் எனக்குப் பாதி வலி போய்விட்டது. ரெபேக்காள் கடைசி வாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளையைப் பாத்துக்கிடுங்க மதினி" என்றாள். அந்தச் சொல்லுக்காக மட்டும் கேட்கிறேன் என்று நினைக்காதே. எனக்கே அவள் வேண்டும். ஐம்பது பிள்ளைகளுக்கு நான் டீச்சரம்மாள். ஒரு பிள்ளைக்காவது அத்தையாய் இருந்து பார்க்க ஆசை. முயலையும் அவளோடே அனுப்பு.

அக்காள்,
சாலோமி


பாளையங்கோட்டை,
1911 ஜூன் 10

அக்காளுக்குத் தம்பி எழுதுவது. சுகம். கருப்பட்டி கிடைத்தது.

முயல் இப்போது வீட்டில் இல்லை. போன சனிக்கிழமை சாயங்காலம் முதல் பெட்டி காலி. நாய்தான் என்று பாக்கியம் சொல்கிறாள். சாரம்மாளும் அப்படியே நினைத்து, துரையைத் தன் தகப்பனார் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டாள். ஆகையால் இனி வீட்டில் நாயும் இல்லை, முயலும் இல்லை. நீங்கள் சிரமப்பட்டு எழுதியதெல்லாம் வீணாய்ப் போயிற்று.

பாக்கியம் சரியாய்ச் சாப்பிடவில்லை. உடம்பும் லேசாய்க் காய்கிறது. அடுத்த மாதம் கோயில் ஸ்தோத்திரப் பண்டிகை கழிந்து அனுப்புகிறேன். இதைப்பற்றி அவளுக்குத் தனியாய்க் கடிதம் எழுதவேண்டாம்.

தம்பி,
தானியேல்


சாத்தான்குளம்,
1911 ஜூன் 16

தம்பிக்கு, அக்காள் எழுதுவது. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா? சுக்கும் கருப்பட்டியும் போட்டுக் கொடுக்கச் சொல்.

உன் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். நாய் முயலைப் பிடித்தால் ரோமம் சிதறிக் கிடக்கும். வெள்ளை முயலின் ரோமம் எந்த மண்ணிலும் பளிச்சென்று தெரியும். கிடந்ததா? ரத்தம் இருந்ததா? பெட்டி கவிழ்ந்திருந்ததா, கதவு திறந்திருந்ததா? கன்னி நாய் பிடித்ததை எஜமானின் காலடியில் கொண்டுவந்து போடும், தானே தின்னாது. இதெல்லாம் உனக்குத் தெரியாவிட்டாலும் சாரம்மாளுக்குத் தெரியும். தெரிந்தும் தன் நாய்மேல்தான் பழியைப் போட்டுக்கொண்டாள் என்றால் அந்த வீட்டில் அவள் எவ்வளவு பயந்து இருக்கிறாள் என்று பார்த்துக்கொள்.

நான் கேட்டதற்குப் பதில் எழுது.

சாலோமி


சாத்தான்குளம்,
1911 ஜூலை 6

தம்பிக்கு அக்காள் எழுதுவது. மூன்று வாரமாய்ப் பதில் இல்லை. நீ எழுதாவிட்டால் நான் அங்கே வருவேன். முழங்காலைச் சாக்குச் சொல்லி இனிமேல் உட்கார்ந்திருக்கமாட்டேன்.

சாலோமி


பாளையங்கோட்டை,
1911 ஜூலை 15

பிரியமான அக்காளுக்குத் தம்பி எழுதுவது. உடம்புக்கு எல்லாரும் சுகம்தான். மற்றதைக் கீழே எழுதுகிறேன். கோபப்பட்டாலும் கடைசிவரை வாசிக்கவும்.

ரோமம் கிடக்கவில்லை. ரத்தம் இல்லை. முயலைக் கொண்டுபோனது நான்.

ஜூன் மூன்றாம் தேதி சாரம்மாள் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்கும் பாக்கியம் பாட்டு வகுப்புக்கும் போயிருந்தார்கள். நான் பஞ்சுவை ஓலைப்பெட்டியில் வைத்து மூடிக் கட்டி, கோயிலில் மணியடிக்கிற குட்டியாரிடம் கொடுத்தேன். ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்துக்குக் காணிக்கை, பெயர் சொல்லவேண்டாம் என்றேன். கடவுளுக்குக் கொடுத்தது நஷ்டமாகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெரிய வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இரண்டில் ஒன்று போனால் சமாதானம் வரும் என்று நினைத்தேன். நாயைத் திருப்பி அனுப்பினால் மாமனார் கோபிப்பார். முயலைக் கொடுத்தால் கோபிக்க ரெபேக்காள் இல்லை. அதனால் அது சுலபமாய்ப் பட்டது. உங்களிடம் அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அனுப்பினால் பாக்கியமும் கூடவே போய்விடுவாள் என்று உள்ளுக்குள் பயம். அனுப்புகிறேன் என்று உங்களுக்கு எழுதினேனே தவிர, எனக்கு மனசில்லை.

முயல் தன் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறது, இப்படி ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்றிருந்தேன். பாக்கியம் காலிப் பெட்டியைப் பார்த்தாள். பக்கத்தில் துரை படுத்திருந்தது. நான் வாய் திறக்கும் முன் அவளே முடிவு செய்துவிட்டாள். நான் வாயைத் திறக்கவே இல்லை. சாரம்மாள் கயிற்றை எடுத்து நாயை அடித்தாள். அது ஓடக்கூட இல்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பண்டிகைவரை வைத்துக் காக்காமல் அன்றே யாருக்காவது விற்றிருப்பார்கள் என்று எண்ணினேன். குட்டியார் ஐந்து வாரமாய்த் தன் வீட்டில் கீரை போட்டுக் கொழுக்க வைத்திருக்கிறார்.

முந்தாநாள் ஏலம். பூசணிக்காய், வாழைத்தார், கோழி எல்லாம் போன பிறகு ஞானசிகாமணி உபதேசியார் ஒரு பெட்டியைத் திறந்து வெள்ளையாய் ஒன்றைத் தூக்கினார். "சீமை முயலு ஒண்ணு! பேர் சொல்ல மனசில்லாத ஒரு விசுவாசி குடுத்த காணிக்கை. யாரு கேக்கிய?"

"அது எங்க பஞ்சுல்லா!" என்று பாக்கியம் கத்தினாள். "காதைப் பாருங்க, காதைப் பாருங்க!"

கோயில்குட்டியார் கள்ளமில்லாத மனுஷர். கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, "என்ன குமாஸ்தா ஐயா, பிள்ளைகிட்டச் சொல்லாமலா கொண்டாந்து தந்திய?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சாரம்மாள் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கத்துப் பாயிலிருந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

காணிக்கையாய்க் கொடுத்ததை ஏலத்தில் கேட்டுத்தான் எடுக்கமுடியும். பட்லர் ஆசீர்வாதம் முயல் கறி சமைப்பதில் பேர்போனவர், அவர் கேட்க ஆரம்பித்துவிட்டார். நான் வெட்கத்தில் தலையைத் தூக்கவில்லை. அப்போது சாரம்மாள் எழுந்தாள். நம் கோயிலில் பெண்கள் ஏலம் கேட்டதே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

"அதுக்கு மேல ஒரு ரூவா" என்றாள்.

பாதிரி ஐயர் என்னைப் பார்த்தார். ஆசீர்வாதம் இன்னும் ஏற்றினார். "அதுக்கு மேலயும் ஒரு ரூவா. அவுக எவ்வளவு சொன்னாலும் அதுக்கு மேல ஒரு ரூவா. நீங்க எழுதிக்கிடுங்க" என்றாள். சொல்லிவிட்டும் ஆள் உட்காரவில்லை. "எம்மா, எனக்குக் கறியே வேண்டாம்" என்று ஆசீர்வாதம் உட்கார்ந்துவிட்டார். என்ன விலை ஆயிற்று என்று கேட்காதீர்கள்.

முயலை முந்தானையில் சுற்றிக்கொண்டு அவள் முன்னே நடந்தாள், பாக்கியம் அவள் பக்கத்தில் ஓடினாள். நான் பின்னால் போனேன். வீட்டுக்குள் வந்ததும் ஒன்றுதான் கேட்டாள்: "தொரையைப் போட்டு அந்த அடி அடிச்சேன். பாத்துக்கிட்டுத்தான இருந்திய?"

நான் கோழை, அக்கா. பாக்கியமும் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நேற்றிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் ஒரு கட்சி. நாளை மறுநாள் வண்டி வைத்துக் கொற்கைக்குப் போய் நாயைக் கூட்டி வரப்போகிறார்கள். நானும் வரட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள் சாரம்மாள். அப்படியானால் முயலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பாக்கியம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பக்கத்து வீட்டுல விட்டுட்டுப் போவோம்" என்றாள்.

தம்பி,
தானியேல்


சாத்தான்குளம்,
1911 ஜூலை 20

தம்பிக்கு அக்காள் எழுதுவது. சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் கேட்கிறேன், பிள்ளை சாப்பிடுகிறாளா?

நீ கோழை என்று எழுதியிருக்கிறாய். மறுப்பதற்கு ஒன்றுமில்லை. கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லிப் பிள்ளையின் பொருளைத் திருடியவன் நம் வம்சத்தில் நீ ஒருவன்தான். சாரம்மாள் எழுந்து நின்றது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒரு நாள் ரோசம் வேறு, பத்து வருஷம் பிள்ளை வளர்ப்பது வேறு. இன்றைக்கு உன்மேல் உள்ள கோபத்தில் இரண்டு பேரும் சேர்ந்திருக்கிறார்கள். கோபம் ஆறினபிறகு எதில் சேர்வார்கள்?

பாக்கியத்தை இனி உன் வீட்டில் விட்டுவைக்க எனக்குத் துணிவில்லை. ஆகஸ்ட் ஐந்தாம் தேதி சனிக்கிழமை வண்டியோடு வருகிறேன். அவள் துணிமணியை எடுத்துவைக்கச் சொல்.

சாலோமி


பாளையங்கோட்டை,
1911 ஜூலை 29

கர்த்தருக்குள் மரியாதைக்குரிய மதினி அவர்களுக்குச் சாரம்மாள் வந்தனம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே அவுகளும் பாக்கியமும் நானும் சுகம். தங்கள் முழங்காலுக்கு நொச்சி இலை வதக்கி ஒத்தடம் கொடுத்தால் கேட்கும் என்று எங்கள் அம்மா சொல்வாள். நான் கொற்கைப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரைதான் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கள் கடிதத்தை அவுகள் மேசையின்மேல் வைத்துவிட்டுக் கச்சேரிக்குப் போய்விட்டார்கள். நான் வாசித்தேன். வாசித்தது தப்பானால் மன்னிக்கவும். ஏலத்தில் எழுந்து நின்றதற்கும் மன்னிக்கவும். ஊரில் இன்னும் பேசுகிறார்கள்.

துரை வந்துவிட்டது. வண்டியில் வரும்போது பாக்கியம் அதன் பக்கத்தில் உட்காரவில்லை, எதிரே உட்கார்ந்து வந்தாள். ஸ்ரீவைகுண்டம் தாண்டியபிறகு, "அடிச்சதுக்கு அது உங்க மேல கோவமா இருக்கா?" என்று கேட்டாள். தெரியலியே என்றேன். சொல்லிவிட்டு வண்டியிலேயே அழுதுவிட்டேன். செய்யாத தப்புக்கு அதை அடித்தேன் மதினி. நாய் செய்யவில்லை என்று என் மனசுக்குத் தெரிந்துதான் இருந்தது. செய்யவில்லை என்று வாதாடினால், முதல்தாரத்துப் பிள்ளையைவிட நாய் பெரிதா என்று கேட்பார்களோ என்று பயந்து அடித்தேன்.

இப்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்கிறோம். தாங்கள் பிப்ரவரியில் எழுதிய கடிதத்தைப் பாக்கியம் வாசிக்கிறாள், நான் செய்கிறேன். சாயங்காலம் நான் கயிற்றைப் பிடிக்கிறேன், அவள் பெட்டியைப் பிடிக்கிறாள். துரை இன்னும் முறைக்கத்தான் செய்கிறது. நேற்று இரண்டு தரம் முகத்தைத் திருப்பியது. இரண்டும் சிநேகமாய்ப் போய்விடும் என்று நான் நம்பவில்லை. கதவைச் சாத்தவேண்டிய நேரத்தில் சாத்திக்கொண்டு இருந்தால் இரண்டும் ஒரே வீட்டில் உயிரோடு இருக்கும். அது போதும்.

செவ்வாய்க்கிழமை நான் அடுப்படியில் இருந்தபோது பாக்கியம் தனியாய்ப் பெட்டியைத் திறந்து முயலைத் தரையில் விட்டுவிட்டாள். நாய் பின்வாசலில் நிற்கிறது. ஓடிப்போய் முயலைத் தூக்கிவிட்டு, எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்தபடி அவளை ஏசிவிட்டேன். இந்த வீட்டுக்கு வந்து இவ்வளவு நாளில் நான் அவளைச் சத்தம் போட்டது அதுதான் முதல். அவள் வாசலுக்கு ஓடினாள். கச்சேரியிலிருந்து வந்த தகப்பனிடம், "சித்தி என்னை ஏசுதா" என்று சொல்லி அழுதாள். சித்தி என்று அவள் சொல்லி நான் கேட்டதும் அதுதான் முதல். ராத்திரிச் சோற்றுக்குத் தானே வந்து உட்கார்ந்தாள். மோர் போதாது என்று என்னிடம் சண்டை பிடித்தாள்.

தாங்கள் சனிக்கிழமை கட்டாயம் வரவேண்டும். வந்து பத்து நாளாவது இருக்கவேண்டும். ரெபேக்காள் அக்கா தங்களிடம் சொன்ன சொல்லை அவுகள் எனக்குச் சொன்னார்கள். அது பெரிய சொல், தங்களுக்குப் பாக்கியத்தின்மேல் உள்ள ஆசையும் பெரிது. எல்லாம் தெரிந்தும் எழுதுகிறேன். பிள்ளையைக் கேட்டு வராதீர்கள். தாங்கள் கேட்டால் அவுகள் அனுப்பிவிடுவார்கள். அவுகளுக்கு யாரிடமும் மறுத்துப் பேச வராது.

இன்று காலை அவளுக்குத் தலை பின்னும்போது, "அத்தை வந்து கூப்பிட்டா நான் போவணுமா?" என்று கேட்டாள். "போவாண்டாம்" என்றேன். அவுகளிடம் இன்னும் சொல்லவில்லை.

தங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
சாரம்மாள்